ஞானதாஸ் எழுதிய எலி நோட்டு

நெம்மேலி ஞானதாஸுக்கு மனிதர்களின் முகம் மனதில் தங்காது. ஒரு முறை கருங்குழியில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், பெண்ணின் தாய்மாமன் என்று நினைத்துச் சமையல்காரரைக் கட்டிப்பிடித்து, "உடம்பு எப்டி கீது மாமா, போன தபா பாத்தப்போ இளைச்சிப் பூட்டிருந்தீங்க" என்று கால் மணி நேரம் விசாரித்தார். சமையல்காரரும் பாவம், தனக்கு இப்படி ஒரு உறவு இருந்தது தெரியாமல் போயிற்றே என்று நெகிழ்ந்து, இரண்டு ஜாங்கிரி கூடுதலாகக் கட்டிக் கொடுத்து அனுப்பினார். சொந்த மச்சான் மொட்டை அடித்துக்கொண்டு வந்தால்கூட வாசலிலேயே நிறுத்தி "யாரு வேணும்" என்று கேட்கிற ஆள் ஞானதாஸ்.

எலி என்று வந்துவிட்டால் மட்டும் ஆளே வேறு. அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி இருக்கும் வெள்ளை எலிகள் இருபத்து நான்கைத் தொட்டியில் கொட்டிக் கலக்கினாலும், ஒவ்வொன்றாகத் தூக்கி, இவர் இன்னார், இவர் இன்னார் என்று சொல்லிவிடுவார். இந்தத் திறமையை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். வேலைக்குச் சேர முடியும், அந்த வேலைக்கே உலை வைத்துக்கொள்ளவும் முடியும். ஞானதாஸ் இரண்டையும் செய்தார்.

அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நட்டு, அடுத்தவர் நிலத்தில் அறுத்தே ஆயுசைக் கழித்தவர்கள். ஞானதாஸும் கொஞ்ச காலம் அதே வரப்பில் நடந்தார். நிலத்தையெல்லாம் பிளாட் போட்டு விற்க ஆரம்பித்ததும் செங்கல் சுமக்கப் போனார். அப்படிச் சுமந்த கட்டடங்களில் ஒன்றுதான் படூருக்கும் கேளம்பாக்கத்துக்கும் நடுவில், தொண்ணூற்று ஏழில் எழும்பிய அந்தத் தனியார் கல்லூரி.

அந்த வருஷம் ஐதராபாத்திலிருந்து கல்லூரிக்கு ஒரு பெட்டி வந்தது. கம்ப்யூட்டர் சாமான் என்று நினைத்து ஆபீஸ் கிளார்க் பெட்டியைத் திறந்தார். உள்ளேயிருந்து பதினோரு வெள்ளை எலிகள் இறங்கி ஆளுக்கொரு திசையாகப் போயின. கிளார்க் மேஜை மேல் ஏறினார், டைப்பிஸ்ட் அம்மா பீரோ மேல் ஏறினார், பிரின்சிபால் தன் அறையைத் தாழிட்டுக்கொண்டு உள்ளேயிருந்தபடியே உத்தரவுகள் போட்டார். வெளியே சாரத்தில் நின்று சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த ஞானதாஸ் சத்தம் கேட்டு இறங்கி வந்தார். டீக்கடைக்குப் போய் ஒரு பொட்டலம் பொரிகடலை வாங்கிவந்து, தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் பதினோரு பேரும் அவர் மடியில் இருந்தார்கள். மறுநாளிலிருந்து எலி அறைக்கு அவர்தான் ஆள் என்று முடிவாயிற்று.

ஆள் முடிவாயிற்றே தவிர வேலை முடிவாகவில்லை. வருகைப் பதிவேட்டில் அவர் 'தினக்கூலி 4' என்றுதான் இருந்தார். பதிவேட்டில் பேர் இல்லாமலே எட்டு வருஷம் எலிகளுக்குத் தீனி போட்டார், கூண்டு கழுவினார், உமி மாற்றினார். மற்ற ஊழியர்கள் கழுத்தில் போட்டோ ஒட்டிய அட்டையோடு கேட்டுக்குள் நுழைவார்கள். ஞானதாஸை மட்டும் கேட் வாட்ச்மேன் முத்துசாமி தினமும் நிறுத்தி, யார், எங்கே, எதற்கு என்று கேட்டுத்தான் விடுவார். முத்துசாமியின் முகம் ஞானதாஸுக்கு நினைவிருக்காது என்பதால் அவருக்கும் இது தினமும் புதிதாகவே இருந்தது. ஆனாலும் அந்த அட்டை மேல் அவருக்கு அப்படி ஓர் ஆசை. இரண்டாயிரத்து ஐந்தில் ஒருவழியாக அவரை நிரந்தரமாக்கும் கோப்பு நகர்ந்து நகர்ந்து புரொபசர் லட்சுமணன் மேஜைக்கு வந்து சேர்ந்தது. அவர் கையெழுத்துப் போட்டால் போதும்.

புரொபசர் லட்சுமணன் முப்பது வருஷம் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சியில் இருந்துவிட்டு, ஓய்வு பெற்றுக் கல்லூரிக்கு வந்தவர். எண்களைத் தவிர வேறு எதையும் நம்பாதவர். காலையில் இட்லிகூட எண்ணாமல் வாயில் வைக்க மாட்டார் என்று பேச்சு. அவர் நடத்திய ஆராய்ச்சி, மூளையில் வரும் கட்டிக்கு மருந்து அனுப்புவது பற்றி. அதை எலிகளின் மேல் செய்து பார்த்தவள் ஸ்வாதி. அவரிடம் பிஎச்டி செய்யும் பெண், மூன்று வருஷமாகத் தூக்கத்தில்கூட எலிகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருப்பவள்.

ஞானதாஸுக்கு விஷயத்தைப் புரியவைத்தவளும் அவள்தான்.

"மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல ஒரு காவல் இருக்கு அண்ணா. விஷம் உள்ள போயிடக் கூடாதுன்னு அது நிக்குது. ஆனா அது மருந்தையும் சேர்த்தே விரட்டிடும்."

"நம்ம கேட்டு முத்துசாமி மாரி."

"அதேதான். அதனால மருந்தை ரொம்பச் சின்ன இரும்புத் துகள்ல ஏத்தி அனுப்பறோம். வெளில தலைகிட்ட காந்தத்த வெச்சா, துகள் கட்டி இருக்கற எடத்துக்கே போய் நிக்கும். மத்த உடம்புக்குப் போகாது."

"எவ்ளோ சின்னது மேடம்?"

"ஒரு தலைமுடி கனத்துல ஆயிரம் துகளை வரிசையா நிக்க வைக்கலாம்."

ஞானதாஸ் யோசித்தார். "யாரு முடி மேடம்? செல்லம்மாக்கா முடியா, நம்ம முடியா?"

எலி அறையைப் பெருக்கித் துடைக்கும் செல்லம்மாவின் முடி உண்மையிலேயே தேங்காய் நார் கனம் இருக்கும்.

இருபத்து நான்கு எலிகளின் மூளையிலும் கட்டி வளர்க்கப்பட்டிருந்தது. பன்னிரண்டுக்குத் துகளில் ஏற்றிய மருந்து, பன்னிரண்டுக்கு அதே மருந்து வெறுமனே. எந்த எலிக்கு எது என்பது புரொபசரின் பீரோவில் ஒட்டிய உறைக்குள் இருந்தது. ஸ்வாதிக்கே தெரியாது, எண் எழுதிய குப்பியை எடுத்து அந்த எண் உள்ள எலிக்குப் போடுவதோடு அவள் வேலை முடிந்தது. ஊசி போட்டபின் ஒவ்வொரு எலியையும் துணிப் பைக்குள் நுழைத்து, தலையைக் காந்தத்தின் பக்கம் வைத்து அரை மணி நேரம் பிடித்திருப்பது ஞானதாஸின் வேலை. காந்தம் முதல் நாளே அவருடைய கைக்கடிகாரத்தை நிறுத்திவிட்டது. அதன்பிறகு ஆராய்ச்சி முடியும்வரை அவருக்கு மணி பத்தேகால்தான்.

எலிகளுக்கு அடையாளம் வைக்க ஒரு மஞ்சள் சாயம் உண்டு. கூண்டுக்கு நான்கு எலி, ஆறு கூண்டு. ஒன்றுக்குத் தலையில் மஞ்சள், ஒன்றுக்கு முதுகில், ஒன்றுக்கு வாலில், நான்காவதற்கு ஒன்றும் இல்லை. இரண்டாம் கூண்டு, வால் என்றால் ஏழாம் எண். புரொபசருக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது. ஞானதாஸ் அந்த மஞ்சளைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவரிடம் வேறு ஏற்பாடு இருந்தது, அதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை.

தீனி மூட்டைக்குப் பின்னால் எண்பது பக்க நோட்டு ஒன்று இருந்தது. எலிகள் வந்த ஆகஸ்ட் மாதமே, தேதி போட்டு, எந்தக் கூண்டு, எங்கே மஞ்சள் என்று எழுதி, பக்கத்தில் ஒரு பேரும் எழுதி வைத்தார். எண் அவருக்கு நினைவில் நிற்காது, முகமும் நிற்காது, குணம்தான் நிற்கும். எந்த எலிக்கு யாருடைய குணம் இருக்கிறதோ அவருடைய பேர். கூண்டுக் கதவில் உட்கார்ந்துகொண்டு யாரையும் தாண்ட விடாத எலிக்கு முத்துசாமி. எப்போதும் மூலையில் உட்கார்ந்து குறைப்பட்டுக்கொண்டே இருந்த எலிக்கு அவருடைய கொழுந்தியா சாராள் பேர். இப்படி இருபத்து நான்கு பேர். இதில் ஒரு லாபமும் இருந்தது. எலிகளை நன்றாகப் பார்த்துவிட்டு வெளியே போனால், மனிதர்களைக்கூட ஓரளவு அடையாளம் தெரிந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜை செவ்வாய்க்கிழமை வந்தது.

ஆயுத பூஜை என்றால் கல்லூரியில் ஒரு பொருள் தப்பாது. பஸ்ஸிலிருந்து பஞ்ச் மெஷின்வரை துடைத்துப் பொட்டு வைத்துவிடுவார்கள். எலி அறைக்குச் செல்லம்மா பொறுப்பு. அன்று ஆறு கூண்டையும் ஒரே நேரத்தில் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததால், எலிகள் மொத்தமும் இரண்டு பெரிய தொட்டிகளில் ஏறின. கூண்டுகள் பளபளவென்று காய்ந்தன. செல்லம்மா மஞ்சள் கிண்ணத்தோடு தராசு, குளிர்சாதனப் பெட்டி, காந்தம் எல்லாவற்றுக்கும் வைத்து முடித்துவிட்டு, தொட்டியைப் பார்த்து நின்றார்.

"ஏன் தாசு, வருசம் பூரா இங்க வேல செய்றது யாரு?"

"நாமதான்க்கா."

"நாம இன்னாத்த செஞ்சோம். ஊசி குத்திகினு கெடக்கறது இதுங்க. இதுங்களுக்கு வெக்காம தராசுக்கு வெச்சிட்டுப் போனா அந்த ஆத்தாளுக்கே அடுக்குமா?"

ஞானதாஸ் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆத்தாளுக்கு எது அடுக்கும், எது அடுக்காது என்பதில் அவருக்குக் கருத்து இல்லை. ஆனால் செல்லம்மா சொன்ன நியாயம் அவர் நெஞ்சில் நேராகப் போய் இறங்கியது. ஒவ்வொரு எலியாகப் பிடித்துக் கொடுத்தார். குங்குமம் மட்டும் வேண்டாம், கண்ணில் பட்டால் எரியும் என்று பொறுப்பாகச் சொன்னார். செல்லம்மா இருபத்து நான்கு நெற்றியிலும் தாராளமாக மஞ்சள் பூசினார். பிறகு ஞானதாஸ் ஒவ்வொருவரையும் அவரவர் கூண்டில் கொண்டுபோய் விட்டார். ஒன்றுகூட மாறவில்லை. மஞ்சள் அடையாளத்தின் மேல் இன்னொரு மஞ்சள் பூசியிருக்கிறோம் என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை. ஏறுவதற்கு, ஆகஸ்டில் நோட்டில் எழுதியதோடு சரி, அதன்பிறகு அவர் அந்த அடையாளத்தை எப்போது பார்த்தார்?

எலிகள் ஒன்றை ஒன்று நக்கிச் சுத்தம் செய்கிற இனம். புதன்கிழமை விஜயதசமி விடுமுறை. வியாழக்கிழமை காலையில் ஸ்வாதி கதவைத் திறந்தபோது, தலையிலிருந்து வால்வரை மஞ்சளாக இருபத்து நான்கு எலிகள் அவளைத் திரும்பிப் பார்த்தன.

ஸ்வாதி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று ஞானதாஸுக்கு இருந்தது. அவள் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, இதுல தலை எது, முதுகு எது, வால் எது?"

"அல்லாரும் அவங்க அவங்க வூட்லதான் கீறாங்க மேடம். நான்தான் வுட்டேன். ஒருத்தரும் மாறல."

"கூண்டு மாறலன்னே வெச்சுக்கலாம். கூண்டுக்குள்ள நாலு பேரும் ஒரே மாதிரி இருக்காங்களே. நாளைக்குக் காலைல மூணாவது ஊசி. சார் வராரு. யாருக்கு எந்தக் குப்பின்னு எப்படிப் போடுவேன்?"

"நான் சொல்றேன் மேடம்."

"நீங்க சொன்னா நான் நம்புவேன். அவர் நம்புவாரா? ஆகஸ்ட்லேர்ந்து எழுத்துல எதாவது இருந்தா காட்டலாம். எதாவது எழுதி வெச்சிருக்கீங்களா?"

ஞானதாஸ் தீனி மூட்டையைப் பார்த்தார். அந்த நோட்டில் இரண்டாம் கூண்டு, வால், ஏழாம் எண்ணுக்கு நேராக என்ன பேர் எழுதியிருக்கிறது என்பது அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

"இல்ல மேடம்" என்றார். எட்டு வருஷத்தில் அந்த அறையில் அவர் சொன்ன முதல் பொய் அது.

அதன்பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் செல்லம்மாவுக்குச் சிரிப்பு வரும், ஆனால் அன்று யாரும் சிரிக்கவில்லை. ஸ்வாதி குழந்தைகள் ஷாம்பு வாங்கிவந்தாள். மூவரும் சேர்ந்து இருபத்து நான்கு எலிகளையும் குளிப்பாட்டினார்கள். சளி பிடிக்காமல் இருக்க, ஹாஸ்டலிலிருந்து முடி உலர்த்தும் மெஷினைக் கடன் வாங்கி ஒவ்வொன்றாகக் காயவைத்தார்கள். கடைசியில் பார்த்தால், செல்லம்மாவின் மஞ்சள் அப்படியே இருந்தது, சாயம்தான் போயிருந்தது. எடையை வைத்துப் பிரிக்கலாம் என்றால் பாதிப் பேர் ஒரே எடை. இருபத்து நான்கையும் ஒழித்துவிட்டு, புதிய எலி, புதிய கட்டி என்று முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ஆனால் ஸ்வாதியின் உதவித்தொகை மார்ச்சோடு முடிகிறது. ஸ்வாதி குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதாள். ஞானதாஸுக்கு அது கேட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது நோட்டு அவருடைய சாப்பாட்டுப் பைக்குள் இருந்தது. அடுப்பில் போட்டுவிடுவது என்றுதான் எடுத்துவந்தார். ஆனால் சாப்பாட்டுப் பையை முதலில் திறக்கிறவர் எப்போதும் சந்திரம்மாதான். கேளம்பாக்கத்துத் துணிக்கடையில் வேலை பார்க்கும் அவருடைய மனைவி. டிபன் பாக்ஸைத் தேடிக் கையை விட்டவர் நோட்டை எடுத்தார், பிரித்தார், டீயைக் குடித்துக்கொண்டே படித்தார். ஞானதாஸ் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"மூணாம் கூண்டு, முதுகு. சந்திரம்மா. தண்ணீர் பாட்டிலை முதலில் பிடிக்கும். தூங்கும்போது அடுத்தவர் மேல் காலைப் போடும். ஊசிக்குப் பயம் இல்லை. இது ஒரு நாள் சுருண்டு படுத்தால் மற்ற மூன்றும் சாப்பிடுவதில்லை." சந்திரம்மா நோட்டைத் தாழ்த்தினார். "நான் எப்போ உன் மேல காலப் போட்டேன்?"

"தெனிக்கும்தான் போடுற."

சந்திரம்மா அந்தப் பக்கத்தை இன்னொரு தரம் படித்தார். ஞானதாஸ் நடந்ததையெல்லாம் சொல்லி, ஏழாம் எண் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அதைப் படித்ததும் சந்திரம்மாவுக்கு டீ மூக்கில் ஏறியது. இருமி முடிக்கவே நேரமாயிற்று.

"இதுல பொய் எதனா எழுதிக்கீறியா?"

"இல்ல."

"அப்றம் இன்னாத்துக்கு பயந்துகினு கீற? கொண்டு போய்க் குடு."

"எட்டு வருசம் சந்திரா. ஒரு கையெழுத்து. இத அந்தாளு படிச்சா போடுவாரா? நம்ம வூட்ல எவன் கழுத்துலயாவது அந்த அட்ட தொங்கிக்கீதா?"

"தொங்கல. ஆனா அந்தப் பொண்ணு அழுவறத கேட்டுகினு நாளைக்கு நீ தீனி போடுவியா?"

போட முடியாது. அது ஞானதாஸுக்கே தெரிந்திருந்தது. தெரிந்ததும் அவருக்கு எரிச்சலாக வந்தது, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை புரொபசர் லட்சுமணன் எலி அறைக்குள் வந்து, மஞ்சள் எலிகளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். எலிகள் மஞ்சளாகவே இருந்தன. ஸ்வாதி பேச வாயெடுப்பதற்குள் ஞானதாஸ் நோட்டை நீட்டினார்.

"தப்பு என்னுது சார். செல்லம்மாக்கா வெச்சாங்க, நான்தான் புடிச்சிக் குடுத்தேன். ஆனா யாரு யாருன்னு நமக்குத் தெரியும். இதுல எழுதிக்கீது. ஆகஸ்ட்லயே எழுதுனது."

புரொபசருக்கு அந்தக் கையெழுத்து பிடிபடவில்லை. ஸ்வாதியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். முதல் கூண்டு தடங்கல் இல்லாமல் போயிற்று. முத்துசாமியின் பேர் வந்தபோது புரொபசர்கூட, "சரிதான்" என்று முனகினார். இரண்டாம் கூண்டில் தலை முடிந்து, முதுகு முடிந்து, வால் வந்தது. ஸ்வாதி நிறுத்திவிட்டாள்.

"ஏன்? படி."

"சார், வேண்டாம் சார்."

"படிம்மா."

"லட்சுமணன் சார்" என்று ஸ்வாதி ஆரம்பித்தாள். அவள் குரல் கூண்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. "மூக்கு நீளம். யார் எதைத் தின்றாலும் வந்து முகர்ந்து பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போகும். உமியைக் குவித்துக் குவித்து அளவு பார்க்கும். பக்கத்தில் யாரும் படுப்பதில்லை. கெட்டவர் இல்லை."

செல்லம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, பெருக்க ஒன்றும் இல்லாத மூலையைப் பெருக்க ஆரம்பித்தார்.

"மேல படி" என்றார் புரொபசர்.

படித்து முடித்ததும் அவர் ஒரு பரீட்சை வைத்தார். ஞானதாஸைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டு, ஒவ்வொரு எலியையும் தனித்தனி டப்பாவில் போட்டு, டப்பாக்களைத் தன் கையாலேயே இடம் மாற்றிக் கலைத்தார். பிறகு ஞானதாஸ் திரும்பி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பேர் சொன்னார். ஸ்வாதி நோட்டில் அந்தப் பேருக்கான எண்ணைத் தேடி, எடை பார்த்து, பூஜைக்கு முந்தின திங்கட்கிழமை எழுதிய எடைக் கணக்கோடு ஒப்பிட்டாள். எடை ஒத்துப்போனது. புரொபசர் நம்பவில்லை. மறுபடி கலைத்தார். மறுபடி அதே பேர்கள். மூன்றாவது தரம் கலைக்கும்போது இரண்டு டப்பாக்களை மட்டும் மாற்றாமல் அப்படியே வைத்து ஏமாற்றப் பார்த்தார்.

"சாராள் வெச்ச எடத்துலயே கீறாங்க சார், பக்கத்துல நீங்களும்" என்றார் ஞானதாஸ்.

மூன்றாவது ஊசி அன்று மத்தியானம் போடப்பட்டது. ஆராய்ச்சி பிழைத்தது. கோப்பு மட்டும் புரொபசரின் மேஜையில் அப்படியே இருந்தது. கையெழுத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, கேட்க ஞானதாஸுக்கும் வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு ஓர் அதிசயம் நடந்தது. வாரத்துக்கு ஒரு முறை எலி அறையை எட்டிப் பார்க்கும் புரொபசர் தினமும் காலையில் வர ஆரம்பித்தார். வந்து தராசைப் பார்ப்பார், வெப்பமானியைப் பார்ப்பார், சுற்றிச் சுற்றி இரண்டாம் கூண்டின் முன்னால் வந்து நிற்பார். "என்ன, நேத்து சரியாச் சாப்பிட்டாரா?" என்று போகிற போக்கில் கேட்பார். "நல்லா சாப்ட்டாரு சார்" என்பார் ஞானதாஸ். புரொபசர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். செல்லம்மா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொள்வார்.

நவம்பர் மூன்றாவது வாரம் ஏழாம் எண் இறந்துபோனது. புரொபசர் அன்று கூண்டின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"கஷ்டப்பட்டாரா?"

"இல்ல சார். ராத்திரி நான் போறப்பவே ஓரமாப் படுத்துகினாரு. சந்திரம்மாவ பக்கத்துல வுட்டுட்டுப் போனேன். கூண்டு மாத்தக் கூடாதுதான். மன்னிச்சுக்கோங்க சார்."

புரொபசர் மன்னித்தாரா என்று தெரியவில்லை. தராசைக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். அன்று அவர் வகுப்பும் எடுக்கவில்லை.

ஜனவரியில் மிச்சமிருந்த எலிகளையும் ஊசி போட்டு நிரந்தரமாக உறங்கவைத்தார்கள். கடைசிவரை பிடித்திருந்தது ஞானதாஸின் கைதான். அன்று அவருக்கு அழுகை வந்தது, அழுதார். பிறகு ஸ்வாதி, முன்பே இறந்தவற்றின் பத்திரப்படுத்திய மூளைகளையும் சேர்த்துச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, ஒரு சாயம் ஊற்றினாள். இரும்பு தங்கியிருந்தால் நீலமாகத் தெரியும். உறையைப் பிரித்துப் பார்த்தார்கள். துகள் கொடுத்த பன்னிரண்டு எலிகளின் கட்டியிலும் நீலம், கொடுக்காத பன்னிரண்டிலும் ஒரு பொட்டு நீலம் இல்லை. நோட்டு ஓர் இடத்தில்கூடத் தவறவில்லை. துகள் போன எலிகள் சராசரியாக மூன்று வாரம் அதிகம் வாழ்ந்திருந்தன. ஏழாம் எண் வெறும் மருந்துக் கூட்டத்தில் இருந்தது. ஸ்வாதி ஞானதாஸைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாள். அவர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, கருநீலப் புள்ளிகளை வெகுநேரம் பார்த்தார்.

"இது யாரு மேடம்?"

"பத்தாம் நம்பர் அண்ணா."

"சந்திரம்மா" என்றார் ஞானதாஸ். "உள்ள பூந்துட்டிருக்குது மேடம் மருந்து."

அடுத்த வாரம் புரொபசர் அவரைத் தன் அறைக்கு அழைத்தார். மேஜையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று கையெழுத்துப் போட்ட பணி ஆணை, ஒரு வருஷம் தகுதிகாண் காலம். இன்னொன்று ஞானதாஸ் கையெழுத்துப் போட வேண்டிய உறுதிமொழி. அறையில் உள்ள எலிகளை எண்களால் மட்டுமே குறிப்பிடுவேன், எந்த எலிக்கும் எந்தப் பேரும் வைக்க மாட்டேன், மீறினால் பணியிலிருந்து நீக்கப்படச் சம்மதிக்கிறேன் என்று அதில் டைப் அடித்திருந்தது.

"கோபத்துல சொல்லலை ஞானதாஸ்" என்றார் புரொபசர், ஜன்னலைப் பார்த்தபடி. "பேர் வெச்சா மனசு போய் ஒட்டிக்குது. எனக்கே ரெண்டு நாள் சாப்பாடு இறங்கலை. ஆராய்ச்சிக்கு அது ஆகாது."

ஞானதாஸ் கையெழுத்துப் போட்டார். அவருக்குப் பேர் வந்த அன்று எலிகளுக்குப் பேர் போயிற்று. மறுநாள் கழுத்தில் அட்டையோடு கேட்டுக்கு வந்தபோது, முத்துசாமி அந்தப் போட்டோவையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "போங்க சார்" என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

மே மாதம் அடுத்த ஆராய்ச்சிக்கு முப்பத்தாறு எலிகள் வந்தன. ஞானதாஸ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அது எளிதாக இல்லை. ஓர் எலி வந்து இரண்டு கால்களையும் தூக்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால், யாரோ ஒருவருடைய பேர் நாக்கு நுனிவரை வந்துவிடும். அதனால் சுவரைப் பார்த்தபடி தீனி போட்டார், கூரையைப் பார்த்தபடி உமி மாற்றினார். நோட்டு வாங்கவே இல்லை. செல்லம்மா, "இன்னா தாசு, எலிங்களோட சண்டையா?" என்று கேட்டார்.

மூன்றாவது வாரம், ஒரு மதியம், கடைசி இரண்டு கூண்டுகளின் கொக்கி கழன்று எட்டு எலிகள் வெளியே வந்துவிட்டன. ஞானதாஸ் பொரிகடலை வைத்து எட்டையும் பிடித்துவிட்டார். ஆனால் சாயம் புதுப்பிக்க வேண்டிய வாரம் அது, மஞ்சள் மங்கி, தலையும் முதுகும் வாலும் ஒன்றுபோல் வெளுத்திருந்தன. ஸ்வாதி ஓடிவந்தாள், பின்னாலேயே புரொபசரும் வந்தார். இருவரும் எலிகளைப் பார்த்தார்கள். பிறகு இருவரும் ஞானதாஸைப் பார்த்தார்கள்.

"இவங்க யாரு யாரு ஞானதாஸ்?"

"தெரியாது சார்."

"பார்த்துச் சொல்லுப்பா."

"நெசமாவே தெரியாது சார். நான் பாக்கவே இல்ல. பாத்தா பேரு வந்துடும், பேரு வந்தா வேல பூடும். அல்லாம் எலி சார்."

புரொபசர் எட்டு எலிகளின் கூண்டையும் தனியாக எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வெளியே போனார். கணக்கிலிருந்து எட்டு போயிற்று, மிச்சம் இருபத்தெட்டு. ஞானதாஸுக்கு அவமானமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் தெரியாது என்று சொல்லி அவர் நின்றதில்லை.

ஒரு மணி நேரம் கழித்துப் புரொபசர் திரும்பி வந்தார். கையில் ஒரு தாள் இருந்தது. கிட்டே வந்ததும் ஞானதாஸுக்கு அது என்ன தாள் என்று புரிந்தது, தன் கையெழுத்தே அதில் இருந்தது. தன் பெர்சனல் ஃபைலிலிருந்து அதை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார், வேலை போயிற்று என்றுதான் நினைத்தார். புரொபசர் தாளைத் திருப்பினார். உறுதிமொழியின் பின்பக்கத்தில், ஒன்றிலிருந்து இருபத்தெட்டுவரை எண் போட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் நேராக மையால் ஒரு பேர் எழுதியிருந்தது.

"பிரின்சிபால் பேர் ஒண்ணாவது" என்றார் புரொபசர். "என் சம்பந்தி வீட்டுப் பேரே பன்னெண்டு வந்துடுச்சு. இதை நோட்டுல எழுதிக்கோ. வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

ஞானதாஸ் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தார். மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"இப்டி வெக்க முடியாது சார்."

"ஏன்?"

"கொணத்தப் பாக்காம எப்டி சார் பேரு வெக்கறது? ஒக்காந்து பாக்கணும்."

"எவ்வளவு நேரம் பாக்கணும்?"

"அது அவங்கள பொறுத்து சார்."

புரொபசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, முதல் கூண்டின் முன்னால் உட்கார்ந்தார்.